கறையின் பெயரைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜெராமிலோ புக்கிட் ரோத்தானிலோ எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வேலியின் மேல் கம்பளங்கள் தொங்கும். ஆண்டு முழுவதும் வரவேற்பறையில் கிடந்த கம்பளம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வரும். சிந்திய தே தாரிக், மீன் குழம்பு, குழந்தை கொட்டிய பால், பலகாரம் சுட்ட எண்ணெய், பள்ளிக் காலணியோடு வந்த செம்மண் எல்லாம் அதில் இருக்கும். அன்று எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதற்கு என்ன ஊற்றலாம்?"

மாணவர்களே, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. இந்தக் கறை எதனால் ஆனது? இந்தக் கம்பளம் எதனால் ஆனது? இவற்றுக்கு விடை தெரிந்தால் எதை ஊற்றுவது என்பது தானாகவே விளங்கிவிடும். விடை தெரியாமல் ஊற்றினால் நல்ல கம்பளம் பாழாகலாம். அதைவிட மோசமாக, ஊற்றியவர் மருத்துவமனைக்குப் போக நேரலாம்.

இப்போது பலர் இந்தக் கேள்வியைக் கைப்பேசியிடம் கேட்கிறார்கள். அரை நிமிடக் காணொளியில் ஒருவர் சமையல் சோடாவைக் கொட்டுகிறார், வினிகரை ஊற்றுகிறார், மேலே வெளுப்பானையும் சேர்க்கிறார். நுரை பொங்குகிறது, கறை மறைகிறது. அது என்ன கறை, என்ன துணி, எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் சொல்வதில்லை. இவற்றைக் கேட்கும் பழக்கத்தைத்தான் அறிவியல் வகுப்பு உங்களுக்குத் தருகிறது. அதை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஆரத்தித் தட்டில் ஒரு பாடம்

மஞ்சளில் தொடங்குவோம். நம் வீடுகளில் அதிகம் பயமுறுத்தும் கறை அதுதான். கம்பளத்தில் குழம்பு சிந்துகிறது. யாரோ ஓடிவந்து சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறார்கள். மஞ்சளாக இருந்த இடம் சட்டென்று செங்கல் நிறமாகிறது. கறை இன்னும் மோசமாகிவிட்டது என்று வீடே பதறுகிறது.

ஆனால் இதே மாற்றத்தை நாம் வேண்டுமென்றே செய்கிறோம். மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். நீர் உடனே சிவக்கும். சுண்ணாம்பு ஒரு காரம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுமையிலும் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். தமிழ்ப்பள்ளியில் லிட்மஸ் தாளுக்குப் பதிலாக மஞ்சள் தாளைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சவர்க்காரமும் காரத்தன்மை உடையது. ஆரத்தித் தட்டில் நடந்ததுதான் கம்பளத்திலும் நடந்தது. அந்த இடத்தில் சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். நிறம் மாறியது, கறை கூடவில்லை.

அப்படியானால் மஞ்சளை எப்படி எடுப்பது? குர்க்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். எனவே முதலில் குழம்பின் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுக்க வேண்டும். பிறகு, பெருந்தொற்றுக் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்ற வேண்டும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது, ஆல்கஹால் தீப்பற்றும். அதற்குப் பிறகும் மங்கலாக ஏதாவது மிஞ்சினால் வெயிலில் போடுங்கள். குர்க்குமின் சூரிய ஒளியில் சிதைந்து நிறம் இழக்கும். "வெயிலில் காயப்போடு, போய்விடும்" என்று பாட்டி சொன்னது வெறும் நம்பிக்கை அல்ல, பல தலைமுறை பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை.

மஞ்சளுக்கு அமிலம் உதவியது என்பதால் எல்லாக் கறைக்கும் அமிலம் உதவும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பால்மரம் வெட்டிய தலைமுறையினர் இன்னும் நம் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். உறையாமல் காக்க அமோனியா சேர்ப்பார்கள். சட்டையில் பட்ட ரப்பர்ப் பால்மீது வினிகரை ஊற்றினால் அது துணி இழைகளுக்குள்ளேயே உறைந்துவிடும். ஒரு கறைக்கு மருந்தாக இருப்பது இன்னொரு கறையை நிரந்தரமாக்கும். அதனால்தான் கறையின் பெயரைக் கேட்கச் சொல்கிறேன்.

கறைகளில் சில வகைகள்

வீட்டுக் கறைகளில் பெரும்பாலானவற்றைச் சில வகைகளுக்குள் அடக்கிவிடலாம்.

முதல் வகை, புரதக் கறை. இரத்தம், முட்டை, பால், வாந்தி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குச் சுடுநீர் எதிரி. முட்டையைச் சுடுநீரில் போட்டால் வெள்ளைக் கரு கெட்டியாகிறது அல்லவா? இரத்தத்தில் உள்ள புரதமும் அப்படித்தான் கெட்டியாகி இழையைப் பிடித்துக்கொள்ளும். எனவே முதலில் குளிர்ந்த நீர்தான். அடுத்து, நொதி கலந்த சலவைத் திரவம் உதவும். நம் வயிற்றில் புரதத்தைச் செரிக்க வைக்கும் நொதிகளைப் போன்றவையே இந்தச் சலவைத் திரவங்களிலும் உள்ளன. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் 1913-ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். நொதிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். போட்ட உடனே தேய்த்துக் கழுவினால் பயன் குறைவு. கொதிக்கும் நீரை ஊற்றினால் நொதியே செயலிழந்துவிடும்.

இரண்டாம் வகை, எண்ணெய்க் கறை. நெய், முறுக்கு எண்ணெய், தலைக்குத் தடவும் எண்ணெய் எல்லாம் இதில் சேரும். இவற்றின்மேல் முதலில் முகப்பவுடரோ சோளமாவோ தூவி வைத்தால் எண்ணெயில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். மாவை எடுத்த பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும்.

மூன்றாம் வகை, தாவர நிறமிகள். தேநீர், காப்பி, பழச்சாறு போன்றவை. தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் அதன் நிறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேநீர்க் கறைக்கு, நீர் கலந்த வினிகர் ஏன் உதவுகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

நான்காவது, சேறு. மற்ற எல்லாக் கறைகளிலும் அவசரம் நல்லது, சேற்றில் மட்டும் பொறுமை நல்லது. ஈரச் சேற்றைத் துடைத்தால் நுண்ணிய மண் துகள்கள் இழைகளுக்குள் இறங்கும். காயவிட்டுத் தூரிகையால் தட்டினால் பெரும்பகுதி தூசியாக வந்துவிடும்.

இனி நம் தே தாரிக்குக்கு வருவோம். அதில் தேநீரின் நிறமி இருக்கிறது, பாலின் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, நிறையச் சீனியும் இருக்கிறது. ஒரே கோப்பையில் மூன்று வகைக் கறை. எனவே வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த நீரால் ஒற்றினால் சீனியும் புரதத்தில் ஒரு பகுதியும் போகும். அடுத்து சில துளி சலவைத் திரவம் கொழுப்பை எடுக்கும். அதை அலசி எடுத்த பிறகு, மிஞ்சிய பழுப்பு நிறத்துக்கு நீர் கலந்த வினிகர். முதல் வேலையாகச் சுடுநீரை ஊற்றினால் பாலின் புரதம் இழையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எதை ஊற்றினாலும் சிரமம்தான்.

தென்னமரம் தோட்டத்திலிருந்து சவர்க்காரக் கட்டி வரை

எண்ணெயை எடுக்கும் சவர்க்காரமே எண்ணெயிலிருந்துதான் பிறக்கிறது. இதைச் சொல்லும்போது மாணவர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் நம் வட்டாரத்திலேயே நடந்தது. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அந்தத் தோட்டம் இருக்கிறது. இந்நாட்டில் வணிக நோக்கத்தோடு செம்பனை நடப்பட்ட முதல் தோட்டம் அதுதான். பெயரில் தென்னை இருக்கிறது, மண்ணில் செம்பனை வளர்ந்தது.

இந்த இரண்டு மரங்களுக்கும் வேதியியலில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. தேங்காய் எண்ணெயிலும், செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். நன்றாக நுரைக்கும் சவர்க்காரமும் சலவைப் பொருள்களும் செய்ய அது மிகவும் ஏற்றது. எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வலிய காரத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் சவர்க்காரமும் கிளிசரினும் கிடைக்கும்.

சவர்க்கார மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். கறையில் உள்ள எண்ணெய்க்குள் வால்கள் நுழைகின்றன, தலைகள் தண்ணீர்ப் பக்கம் நிற்கின்றன. எண்ணெய் சிறு சிறு துளிகளாக உடைந்து தண்ணீரோடு வெளியேறுகிறது. படிவம் 5 வேதியியலில் சலவைப் பொருள்கள் பகுதியில் இந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்குவீர்கள். அந்தப் படம் கம்பளத்தில் எங்கே நடக்கிறது என்று ஒரு தடவை நின்று பார்த்தால் மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

வாலுக்கும் தலைக்கும் வேலை கொடுக்கச் சில துளிகள் போதும். நாமோ நுரை பொங்கினால்தான் திருப்தி அடைகிறோம். கம்பளத்தில் தங்கிவிடும் சவர்க்காரம் பிசுபிசுப்பாகி, கால்களில் வரும் தூசியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கழுவிய இடம் ஒரே மாதத்தில் மற்ற இடங்களைவிடக் கறுத்துப்போவதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். அதிகமாக ஊற்றியது கம்பளத்தோடு முடிவதும் இல்லை. பல வீடுகளில் முற்றத்தில் கழுவிய நீர் நேராகக் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் கடலுக்குப் போகிறது. ஜெராம் மீனவர்களின் வலையும் அந்தக் கடலில்தான் விழுகிறது. 1950-களில் மேலை நாடுகளில் புழங்கிய சலவைப் பொருள்களைப் பாக்டீரியாக்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. அவற்றின் வால்கள் கிளைவிட்டிருந்ததே காரணம். ஆறுகளில் மலைபோல நுரை மிதந்தது. 1960-களில் கிளையற்ற நேர்வால் கொண்டவற்றுக்கு மாறிய பிறகே அந்த நுரை குறைந்தது. வாலின் வடிவம் மாறினால் ஆற்றின் நிலையே மாறுகிறது. இதைவிட நல்ல வேதியியல் பாடம் எங்கே கிடைக்கும்?

கம்பளமும் ஒரு வேதிப்பொருள்தான்

இரண்டாவது கேள்வி, கம்பளம் எதனால் ஆனது என்பது. கம்பளத்தின் பின்புறம் ஒரு சிறு லேபிள் தைக்கப்பட்டிருக்கும். அதைப் படித்தவர்கள் குறைவு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கம்பளங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழி இழையால் ஆனவை. அது தண்ணீரை உறிஞ்சாது. எனவே தேநீர்க் கறை அதில் எளிதில் போகும். ஆனால் அது எண்ணெயை விரும்பும். நெய் சிந்தினால் விடாது. பருத்தியில் நெய்த ஜமக்காளம் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், கறையையும் சேர்த்துக் குடிக்கும். கம்பளியும் பட்டும் புரத இழைகள். வெளுப்பான் பட்டால் கம்பளி இழை கரைந்தே போகும். புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத் திரவமும் கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. கறையில் உள்ள புரதம் எது, துணியில் உள்ள புரதம் எது என்று நொதிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எந்தத் திரவமானாலும் முதலில் கம்பளத்தின் மறைவான ஒரு மூலையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் கம்பளத்தின் சாயம் ஒட்டினால் அந்தத் திரவம் வேண்டாம்.

ஒற்றுவது என்று சொல்கிறேன், தேய்ப்பது என்று சொல்லவில்லை. தேய்த்தால் கறை அகலமாகும், இழைகளும் பிரிந்து நார் நாராகிவிடும். கறையின் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒற்ற வேண்டும். நடுவிலிருந்து வெளியே போனால் சிறு வட்டம் பெரிய வட்டமாகும்.

இன்னொரு புதிர் உண்டு. நன்றாகக் கழுவிவிட்டோம், ஈரமாக இருந்தபோது கறை தெரியவில்லை. மறுநாள் காய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. இது எப்படி? கம்பளத்தின் அடிப்பகுதியில் தங்கிய நீரில் கறையும் கரைந்து இருந்தது. மேலே நுனிகள் காயும்போது அடியில் உள்ள நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல இழைகளின் வழியே மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகிறது, கறை நுனியில் தங்கிவிடுகிறது. நுண்புழை ஏற்றம் என்று நீங்கள் படித்தது இதுதான். இதைத் தடுக்க வழி எளிது. குறைந்த நீரைப் பயன்படுத்துங்கள். கழுவிய பின் உலர்ந்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே கனமான ஒன்றை வைத்துவிடுங்கள். ஏறும் நீரும் கறையும் கம்பள நுனியில் நிற்காமல் அந்தத் துணிக்குப் போய்விடும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அடிப்பகுதி காயாத கம்பளத்தைச் சிமெண்டுத் தரையில் விரித்தால் பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கும் ஈரம்தான் வாழ்வு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள அந்த உயிரிகளுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் கம்பளத்தைக் காயவைப்பது அழகுக்கான வேலை அல்ல, மூச்சுக்கான வேலை. கழுவ வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் திருப்பிக் காயப்போடுங்கள். கழுவுவதற்கு முன்பே கொடியில் போட்டுத் தட்டுங்கள். கம்பளத்தில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசிதான். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சேறாகிவிடும்.

நுரையைக் கண்டு ஏமாறாதீர்கள்

காணொளிகளில் மிகவும் புகழ் பெற்றது சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்த கலவை. பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? சமையல் சோடா மென்காரம். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று நடுமையாக்குகின்றன. கார்பன் டை ஆக்சைடு வாயு குமிழியாக வெளியேறுகிறது. மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் என்ற உப்பு கரைந்த நீர். தனியாக இருந்தால் சமையல் சோடா வாடையைப் போக்கும், வினிகர் தேநீர்க் கறைக்கு உதவும். ஒன்றாகச் சேர்த்தால் இரண்டின் பலமும் போய்விடும். குமிழிகள் சிறிது தூசியைக் கிளப்பலாம். மற்றபடி கறை போனதென்றால் அது பெரும்பாலும் கையும் துணியும் செய்த வேலை.

இந்தக் கலவை பயனற்றது, ஆனால் ஆபத்தில்லாதது. அடுத்தது அப்படியல்ல.

வெளுப்பானோடு விளையாட வேண்டாம்

நம் வீடுகளில் குளோரக்ஸ் என்ற பெயரே வெளுப்பானுக்குப் பொதுப் பெயராகிவிட்டது. எந்த நிறுவனத்தின் வெளுப்பானாக இருந்தாலும் திரவமாக விற்கப்படுபவற்றில் வழக்கமாக இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். வினிகர் அமிலம். எலுமிச்சைச் சாறு அமிலம். கழிப்பறை கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமே இருக்கிறது. குளோரின் என்ன செய்யும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1915 ஏப்ரல் 22-ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவிய நச்சு வாயு குளோரின்தான். கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு திரவங்களைக் கலப்பவர் அதே வாயுவைச் சிறிய அளவில் தயாரிக்கிறார்.

வெளுப்பானோடு அமோனியா சேர்ந்தால் குளோரமீன் என்ற வேறு நச்சு வாயு உருவாகும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. கம்பளத்தில் பூனையோ குழந்தையோ சிறுநீர் கழித்திருந்தால் அங்கேயும் அமோனியா இருக்கும். வாடை போக வேண்டும் என்று அதன்மேல் வெளுப்பானை ஊற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது புரியும்.

கண் எரிந்தால், இருமல் வந்தால், நெஞ்சு இறுகினால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். கலவையை அகற்றுகிறேன் என்று மேலும் எதையாவது ஊற்றவும் வேண்டாம். உடனே காற்றோட்டமான வெளிப்புறத்துக்கு வாருங்கள், மற்றவர்களையும் அழைத்து வாருங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். வெளுப்பானையும் அமிலத்தையும் பழைய மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது. தாகத்தோடு வரும் சிறுவனுக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். வாங்கிய போத்தலிலேயே, லேபிளோடு, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இது யாருடைய அறிவு?

"இதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார், எனக்கு எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறது" என்று சில மாணவர்கள் சொல்வதுண்டு. சலவையைச் சிறிய வேலையாகப் பார்க்கும் இந்த எண்ணம் பழையது. அதன் வேரையும் சொல்லிவிடுகிறேன்.

சவர்க்காரக் கட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழகத்துச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து அதில் துணிகளை நனைத்து, பெரிய பானைகளின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்தார்கள். இதற்கு வெள்ளாவி என்று பெயர். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம். காரமும் சூடும் சேர்ந்து துணியில் உள்ள கொழுப்பு அழுக்கைத் தளர்த்தும். பட்டையும் மென்மையான துணிகளையும் வெளுக்க நுரைக்கும் பூந்திக்கொட்டை இருந்தது. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டார்கள். அந்தக் குறி எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்று இரண்டையும் அறிந்து, போகாத கறையையே தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். சிங்கப்பூரின் டோபி காட் என்ற இடத்தின் பெயர் அங்கே துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களின் நினைவாகத்தான் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு வேதியியல் அறிந்தவர்களைச் சமூகம் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்தது. கையால் செய்யப்படும் வேலை என்பதால் அதில் உள்ள அறிவும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இன்று அதே கண்ணோடுதான் அம்மாவின் வேலையைப் பார்க்கிறோம். ஆய்வகத்தில் வெள்ளை அங்கி அணிந்து கரைசலைக் கலப்பவரை மதிக்கிறோம். முற்றத்தில் கரைசலைக் கலப்பவரை மதிப்பதில்லை. அதனால் ஆய்வகத்தில் சொல்லித்தரும் பாதுகாப்பு விதிகள் முற்றத்துக்கு வந்து சேர்வதும் இல்லை. கையுறை, காற்றோட்டம், லேபிளைப் படிப்பது, தெரியாததைக் கலக்காமல் இருப்பது ஆகிய இவை யாவும் வீட்டுக்கும் தேவை. பையன்களுக்கும் இது பொருந்தும். கம்பளத்தில் நடப்பவர் எல்லாருக்கும் அதைக் கழுவும் கடமை உண்டு.

"கடையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே" என்றும் கேட்கலாம். கனமான கம்பளத்தைக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் கறையின் தலைவிதி முதல் ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடமும் வீட்டில்தான் கழிகிறது. சுடுநீர் ஊற்றிக் கெட்டியாக்கிய இரத்தக் கறையைக் கடைக்காரராலும் எளிதில் எடுக்க முடியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் எழுதியதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணியை ஐந்து சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மஞ்சள் நீரை விட்டுக் காயவிடுங்கள். முதல் துண்டைக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். இரண்டாவதைச் சவர்க்கார நீரில், மூன்றாவதை வினிகரில். நான்காவதை வெயிலில் போடுங்கள். ஐந்தாவதை எதுவும் செய்யாமல் இருட்டில் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று எழுதுங்கள். ஒரு நாள் கழித்து நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இந்தச் சோதனையில் வெளுப்பானைச் சேர்க்க வேண்டாம்.

பிறகு ஒரு தாளை எடுங்கள். இரத்தம், பால், முட்டைக்குக் குளிர்ந்த நீர். எண்ணெய்க்கு மாவும் சில துளி திரவமும். மஞ்சளுக்கு ஆல்கஹாலும் வெயிலும். சேற்றுக்குப் பொறுமை என்று எழுதுங்கள். கடைசி வரியைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதுங்கள்: வெளுப்பானோடு தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது. சலவைப் பொருள்கள் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் அதை ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.